அக்கா கல்யாணத்து ரோல்

என் வயதுக்காரர்களுக்கு அந்தத் தகர டப்பி நினைவிருக்கும். கட்டைவிரல் உயரம், திருகு மூடி, உள்ளே ஃபிலிம் ரோல். திறந்தால் லேசாகப் புளித்த வாசனை அடிக்கும். படம் எடுத்து முடித்த பிறகு அதில் பெருங்காயம் வைத்தோம், ஊக்கு வைத்தோம், விழுந்த பல்லைக்கூடப் போட்டு வைத்தோம். பிறகு அது பிளாஸ்டிக் ஆனது, அப்புறம் காணாமலே போனது. போன மாதம் அதைத் திரும்பப் பார்த்தேன். கோயமுத்தூரில், உக்கடம் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டு ஃபிரிட்ஜில், தோசை மாவுக்குப் பின்னால் பதினைந்து இருபது டப்பிகள் வரிசையாக நின்றன.

எல்லாம் அக்காவின் பேத்தி சேர்த்தது. கல்லூரியில் படிக்கிறாள். பழைய கேமரா ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, தேதி முடிந்த ரோல்களாகத் தேடிப் பிடிக்கிறாள். புது ரோல் கிடைக்காதா என்று கேட்டேன்.

"கிடைக்கும் சின்னப்பாட்டி. ஆனா பழைய ரோல்ல என்ன கலர் வரும்னு யாருக்கும் தெரியாது. அதுதான் அழகு" என்றாள்.

தேதி முடிந்த ரோல் அழகாம். என் பிள்ளைப் பிராயம் முழுக்க அதில்தான் கிடக்கிறது. ஒருத்தர்கூட அழகு என்று சொன்னதில்லை.

நான் பொறாமைக்காரி. இந்த வயதில் இதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. உங்களில் அழகான அக்காவுக்குத் தங்கையாகப் பிறந்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு எவ்வளவு விளக்கினாலும் புரியாது. என் அக்கா கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குப் பிழைப்பு சுலபமாக இருந்திருக்கும். அவளோ எனக்குத் தலை சீவி விடுவாள், தன் பங்கு அதிரசத்தில் பாதியைப் பிட்டுக் கொடுப்பாள். அதைத் தின்றுகொண்டே அவள் மேல் எரிச்சல்படுவேன்.

அவிநாசியிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ஊரில் அப்பா கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அப்பாதான் சாமியார் பள்ளிக்கூடத்தில் படித்து, முதன்முதலாக அரசாங்கச் சம்பளம் வாங்கினார். எங்கள் மாதா கோயில் பங்கில் இருந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் தன் நாட்டுக்குத் திரும்பிப் போகும்போது, தன் கேமராவை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதை எப்படிப் பிடிப்பது என்று கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

கேமரா இருந்தது, ரோல் வாங்க வசதி இல்லை. கோயமுத்தூரில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம். தேதி போய்விட்ட கறுப்பு வெள்ளை ரோல்களை அவர் சும்மாவே கொடுப்பார். அப்பா அவற்றை ஆஸ்பத்திரி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொள்வார். மண்ணெண்ணெயில் ஓடும் பெட்டி அது. கீழே சின்னதாக நீலத் தீ எரிய, மேலே குளிரும். இது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கோழிச் சீக்குக்கான மருந்து, மாட்டுத் தடுப்பூசி, அதற்குப் பின்னால் அப்பாவின் ரோல்கள். பெட்டியைத் திறந்தால் மண்ணெண்ணெயும் டிஞ்சரும் கலந்த ஒரு குளிர் முகத்தில் அடிக்கும்.

"தேதி போனா ஒண்ணும் ஆகாது. சூடு படாம வெச்சிருந்து, எடுக்கறப்போ கொஞ்சம் வெளிச்சம் சேத்திக் குடுத்தாப் போதும்" என்பார் அப்பா. அதனால்தான் எங்கள் பழைய படங்களில் எல்லோரும் வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறோம்.

எல்லோரும் என்று சொன்னது தவறு. அக்கா நடுவில் நிற்பாள், ரோலின் நடுவிலும் அவள்தான். நான் கடைசி. ஒரு ரோலில் முப்பத்தாறு படம், அது முடியப் போகும்போது ஒன்றிரண்டு மிஞ்சுமல்லவா, அப்போது அப்பா கூப்பிடுவார்.

"ரோலு முடிக்கோணும், வா கண்ணு."

ஓடிப் போய் நிற்பேன். ரோலின் வால் என்பதால் பாதிப் படங்களில் ஓரம் வெளுத்திருக்கும். ஒன்றில் எனக்கு ஒரு கண்தான் இருக்கிறது. கோயிலில் முதன்முதலாகப் புது நன்மை வாங்கிய அன்று எடுத்த படத்தில் மெழுகுவர்த்தி முழுசாக விழுந்திருக்கிறது, நான் முக்கால்தான்.

அந்தக் கலர் ரோல் வந்தது எனக்கு எட்டு வயதாக இருந்தபோது. ஊரில் பெரிய தோட்டத்துக்காரர் ஒருவருடைய பசு கன்று போட முடியாமல் இரண்டு நாள் கிடந்தது. டாக்டர் ஊரில் இல்லை. அப்பா முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கன்றைத் திருப்பி எடுத்துப் பிழைக்க வைத்தார். வெளிநாட்டில் இருந்த தன் மகன் அனுப்பிய சாமான்களில் இருந்து ஒரு கலர் ரோலை எடுத்து வந்து, "கேமராப் பைத்தியமாமே நீ, வெச்சுக்கோ" என்றார் தோட்டத்துக்காரர். கையில் கொடுக்கவில்லை. காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார், அப்பா எடுத்துக்கொண்டார். அப்போது அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், ஒன்றும் தோன்றவில்லை. ஏன் சுவர் மேல் வைத்தார் என்று புரிய எனக்கு இன்னும் பத்து வருடம் ஆனது.

அப்பா அதை அன்றே ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டார். "இது பெரியவ கல்யாணத்துக்கு" என்றார். எங்கள் ஆட்களில் அதுவரை ஒருத்தர் கல்யாணத்துக்கும் கலர் படம் எடுத்ததில்லை. கறுப்பு வெள்ளையே இரண்டு மூன்று வீடுகளில்தான் இருந்தது. அப்பாவுக்கு அது எத்தனை பெரிய விஷயம் என்பது எனக்குப் பட்டிருக்க வேண்டும். எனக்குப் பட்டதெல்லாம், பச்சை நீலம் எல்லாம் விழுகிற ஒரு ரோல் வந்திருக்கிறது, அதுவும் அவளுக்கு என்பதுதான்.

இரண்டு வருடம் வரன்கள் வந்தன, போயின. ரோல் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அட்டையில் அச்சடித்த தேதி, அந்த வருடம் மார்ச்சோடு முடிந்தது. அக்காவுக்கு நிச்சயமானதோ சாம்பல் புதனுக்கு முந்தின வாரம். அந்தப் புதனோடு தவக்காலம் தொடங்கிவிடும், அதில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. நாற்பது நாள் கழிந்து, ஈஸ்டர் பாஸ்கா முடிந்து, வைகாசியில்தான் நாள் கிடைத்தது. அப்பா பஸ் ஏறிப் போய் ஸ்டுடியோக்காரரைக் கேட்டு வந்தார். குளிரிலேயே இருந்த ரோல், ரெண்டு மாதம் தள்ளினால் ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லிவிட்டார்.

அந்தத் தைரியத்தில் அப்பா ஒரு காரியம் செய்தார். மாப்பிள்ளை வீட்டார் கோயமுத்தூரிலிருந்து ஒரு ஸ்டுடியோ ஆளைக் கூட்டிவர இருந்தார்கள். "எதுக்குங்க வீண் சிரமம்? நான் கலர்லயே எடுத்துப்போடறனுங்க" என்று தடுத்துவிட்டார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு எனக்குக் கிளிப்பச்சையில் பட்டுப் பாவாடை தைத்திருந்தார்கள். நான் அப்பாவிடம் போய் நின்றேன்.

"ஏனுங்கப்பா, கலர்ல என்னைய ஒரே ஒரு படம் இப்பவே எடுங்க."

"ரோல மாட்டுனா ஒரே மூச்சுல முடிச்சுப்போடோணும் கண்ணு. ஒண்ணு எடுத்துப்போட்டு மறுக்கா ஐஸ் பொட்டியில வெக்க முடியாது."

உண்மையான காரணம்தான். நான் நம்பவில்லை.

அப்போது பள்ளிக்கூடம் லீவு. மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. ஒரு நாள் அவர் மேசையில், தடுப்பூசிப் படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. எந்த எந்தப் படம் எடுப்பது என்று எழுதி வைத்திருந்தார். அக்கா வண்டியிலிருந்து இறங்குவது. அக்கா கோயில் படியில். மோதிரம். தாலி. சாமியாரோடு. சம்பந்தி வீட்டாரோடு. வெள்ளைப் புடவை மாற்றி அரக்குப் பட்டில். முப்பத்திரண்டு வரிகள். அதற்கப்புறம் நம்பர் மட்டும் போட்டு நான்கு வரிகளை வெறுமனே விட்டிருந்தார். இரண்டு தடவை படித்தேன். என் பேர் எங்குமே இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா இருக்கிறாள், சர்க்கரைப் பொங்கல் அண்டா இருக்கிறது, நான் இல்லை.

அப்பா பின்னால் ஒரு காளைக்கு லாடக் காயம் கழுவிக்கொண்டிருந்தார். ஐஸ் பெட்டியைத் திறந்தேன். மருந்துக்குப் பின்னால் கையை விட்டு, அந்தத் தகர டப்பியை எடுத்து, சோறு கொண்டுவந்த காலித் தூக்குப் போசியில் போட்டு மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். டப்பி கை சுருங்குகிற குளிர்ச்சியோடு இருந்தது. வழியெல்லாம் போசிக்குள் அது உருண்டு உருண்டு ஒலித்தது.

சூடு பட்டால் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும், அப்பாதான் தினமும் சொல்வாரே. எங்கள் வீட்டில் சூடான இடம் ஆட்டுப் பட்டியின் தகரக் கூரை. சித்திரை வெயிலில் அதன் மேல் காக்காகூட உட்காராது. டப்பியை அதன் மேல் வைத்து ஒரு ஓட்டுத் துண்டால் மூடினேன். நான்கு நாள். இரண்டாம் நாள் தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டுவிட்டது. ஐந்தாம் நாள் அதே தூக்குப் போசியில் கொண்டுபோய், மருந்துக்குப் பின்னால் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். எனக்குப் பத்து வயது. பாவம் செய்கிறேன் என்று நன்றாகத் தெரியும். அந்த வாரப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சர்க்கரை திருடியதை மட்டும் சொன்னேன்.

கல்யாணத்தன்று அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், கழுத்தில் கேமராவோடு மாப்பிள்ளையைவிட மிடுக்காக இருந்தார். பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் சம்பந்திக்காரரையே நகர்த்தி நிறுத்தினார். "சித்த இந்தப் பக்கம் வாங்க, வெளிச்சம் பத்தல" என்று அவர் சொல்ல, எல்லோரும் கேட்டார்கள். தோட்டத்துக்காரரும் வந்து ஓரமாக நின்று பார்த்தார். எங்கள் ஆட்கள் அன்று நடந்த நடையே வேறு. நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, எல்லாம் வீண், எல்லாம் வீண் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பயமாகவும் நிறையச் சந்தோஷமாகவும் இருந்தது.

சாப்பாடெல்லாம் முடிந்து, வெயில் சாய்கிற நேரம். அப்பா என்னைத் தேடி வந்தார்.

"வா கண்ணு, ரோலு முடிக்கோணும். உனக்குன்னு நாலு படம் வெச்சிருக்கறேன். பாவாடைய நல்லா விரிச்சு நில்லு."

நாலு படம். பட்டியலில் வெறுமனே விட்டிருந்த நான்கு வரி.

பூவரச மரத்தடியில் ஒன்று, கோயில் வாசலில் ஒன்று, அக்காவோடு ஒன்று, பிறகு முகம் மட்டும் ஒன்று. நான் சிரித்தேன். அழுகை வந்தால் ஏன் என்று கேட்பாரே. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று கடைசிப் படத்தின்போது வாயைத் திறந்தேன். "வாய மூடு கண்ணு, பல்லுத் தெரியுது" என்று சொல்லி, அப்பா எடுத்து முடித்துவிட்டார்.

கலர் ரோலைக் கழுவ மெட்ராஸுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். படங்கள் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வந்த அன்று சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்திருந்தார்கள். உறையைப் பிரிக்காமல் வைத்திருந்து, எல்லோரும் உட்கார்ந்த பிறகு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அப்பா பிரித்தார்.

எல்லாம் சிவப்பு. கோயில் சுவர் செங்கல் நிறத்தில் இருந்தது, வெள்ளைப் புடவை ரோஜா நிறத்தில் இருந்தது. ஆட்களின் முகத்தில் செம்மண் புழுதி படிந்த மாதிரி ஒரு மங்கல். படங்கள் ஒவ்வொன்றாகக் கை மாறின. கடைசியில் சம்பந்திக்காரர்தான் பேசினார்.

"கம்பவுண்டர் மாட்டுக்கு ஊசி போடறதோட நிறுத்தியிருக்கலாமுங்க."

"தேதி போயிருச்சுங்க. எம்மேலதானுங்க தப்பு. நாந்தான் பாக்காம உட்டுப்போட்டேன்" என்றார் அப்பா.

பாக்காமல் விட்டாரா? அந்தத் தேதியை அவர் நூறு தடவை பார்த்திருப்பார். நான் கதவுக்குப் பின்னால் காப்பித் தட்டோடு நின்றிருந்தேன். சொல்லவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அப்பா ஐஸ் பெட்டியின் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். ரோல் கெட்டிருந்தால் தடுப்பூசியும் கெட்டிருக்குமே என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லி, இருந்த மருந்தையெல்லாம் கொட்ட வைத்தார். அரசாங்கப் பெட்டியில் சொந்தச் சாமான் வைத்ததற்காக எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினார். கேமராவைத் துணியில் சுற்றி வீட்டு இரும்புப் பெட்டிக்கு அடியில் வைத்தவர், பிறகு எடுக்கவே இல்லை. 'ரோலு முடிக்கோணும்' என்று அதற்கப்புறம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

அக்காவும் அதற்கப்புறம் மூன்று வருடம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மாமியார் வீட்டில் வேலை அதிகம் என்று அம்மா சொன்னாள். எனக்கு அது திருவிழாவாக இருந்தது. அப்பாவின் சைக்கிளில் முன் பாரில் நான் மட்டும். அவர் முன்னைப் போலப் பேசுவதில்லை என்பதை நான் கவனித்தேன், ஆனால் அது என்னுடைய அப்பா, எனக்கு மட்டுமான அப்பா என்பதே போதுமாக இருந்தது.

இதெல்லாம் ஐம்பது வருடத்துக்கு முந்திய கதை. அப்பா போய் இருபது வருடம் ஆகிறது.

போன மாதம் அந்த ஃபிரிட்ஜைப் பார்த்த அன்று, பேத்தி அக்காவின் கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தாள்.

"பாட்டி, சான்ஸே இல்ல. இந்தக் கலர் எப்படி வந்துச்சு?"

நான் எட்டிப் பார்த்தேன். ஐம்பது வருடமாக அந்த ஆல்பத்தை நான் திறந்ததில்லை. அவள் சொன்னது உண்மை. அந்தச் சிவப்பு அக்காவை ஒன்றும் செய்யவில்லை. அரக்குப் பட்டு தீ மாதிரி ஜொலிக்கிறது, நகையெல்லாம் செம்பொன்னாகிவிட்டது, கன்னம் சாயங்கால வெயிலில் நனைந்த மாதிரி இருக்கிறது. நான் கெடுத்ததிலும் அவள் அழகாக விழுந்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் என் நாலு படம். கிளிப்பச்சை செத்துப்போய்ச் சேற்று நிறமாகிவிட்டது. என் முகம் அதைவிட மோசம்.

"எங்கப்பா தேதி பாக்காம உட்டுப்போட்டாரு" என்றாள் அக்கா.

"கொள்ளுத்தாத்தா பெரிய ஆர்ட்டிஸ்ட் பாட்டி. இந்தக் கலர் வரணும்னு நாங்க ரோல கார் டேஷ்போர்டுல வெயில்ல போட்டு வெக்கறோம். அவரு அப்பவே பண்ணியிருக்காரு."

ஐம்பது வருடம் பயத்தில் மூடி வைத்த வாய். குற்ற உணர்வு அதைத் திறக்கவில்லை, பாவசங்கீர்த்தனம் திறக்கவில்லை, அப்பாவின் சாவுகூடத் திறக்கவில்லை. அழகு அவளுக்கு, பேர் அவருக்கு, எனக்கு மட்டும் சேற்று நிறமா என்ற ஆத்திரம்தான் திறந்தது.

"அவரு ஒண்ணும் பண்ணல. நாந்தான் பண்ணேன். நாலு நாள் ஆட்டுப் பட்டித் தகரத்து மேல வெச்சேன்."

"செம்ம சின்னப்பாட்டி!" என்று கைதட்டினாள் பேத்தி. ஒரு நிமிடம் எனக்கு மனசு குளிர்ந்தேபோனது.

அக்கா கைதட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"நெசமாவா கண்ணு?"

"ஆமாக்கா."

"அந்தப் படத்த வெச்சு என்ற மாமியா ஊட்ல என்னைய என்ன பேச்செல்லாம் பேசுனாங்கன்னு உனக்குத் தெரியாது. பொறுக்க முடியாம ஒரு நா நேரா ஆஸ்பத்திரிக்கே போயிட்டேன். 'ஊரு மாட்டுக்கெல்லாம் தேதி பாத்து ஊசி போடறீங்க, என்ற கல்யாணத்துக்கு மட்டும் பாக்கலீங்களா'ன்னு அப்பாகிட்ட கேட்டுப்போட்டேன். அவரு தலைய மட்டும் ஆட்டுனாரு. அந்தக் கோவத்துல மூணு வருசம் அவரு மூஞ்சியில முழிக்கல நானு. அப்பறம் வந்து போயிட்டுத்தான் இருந்தேன், ஆனா அந்த வார்த்தைய நான் திருப்பி எடுத்துக்கவே இல்ல. எடுத்துக்காமயே அவரு போயிட்டாரு."

பேத்தி என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மெல்ல எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு படமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு போனாள். என்ன தேடுகிறாள் என்று கேட்டேன்.

"அப்பா ஒண்ணுலயாச்சும் இருக்காரான்னு பாக்கறேன்."

முப்பத்தாறிலும் இல்லை. எல்லாவற்றையும் எடுத்தது அவர்தானே.

அக்கா ஆல்பத்தை மூடிவிட்டு அழ ஆரம்பித்தாள். அப்பா செத்த அன்றுகூட இப்படி அழவில்லை. "அப்பா, அப்பா" என்று சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் அழுவது? அவளால் அழ முடிந்தது. அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.